கப்பல் நின்ற எட்டு மணி நேரம்: கரைச் சுற்றுலாவும் முருங்கன் போட வேண்டிய கணக்கும்

2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவின் கப்பல்துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கோர்டேலியா நிறுவனம் நடத்திய அந்தப் பயணத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் இருந்தன. ஜூன் 16ஆம் திகதி அந்தக் கப்பல் முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தது. புதிதாகக் கட்டப்பட்ட பயணிகள் முனையமும் அன்றுதான் திறக்கப்பட்டது. அமைச்சர்கள் வந்தார்கள், மாலை போட்டு வரவேற்றார்கள், படம் எடுத்தார்கள். வடக்கில் சுற்றுலா வருமானம் பெருகப்போகிறது என்ற பேச்சும் கப்பலோடு சேர்ந்தே வந்தது.

அந்தப் பேச்சு மன்னார் மாவட்டத்திலும் கேட்கிறது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே படகுச் சேவையை மீண்டும் தொடங்கும் திட்டம் இரண்டு அரசாங்கங்களின் மேசையிலும் இருக்கிறது. கப்பல் வந்தால் ஊர் முன்னேறும் என்று முருங்கனிலும் நானாட்டானிலும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் எந்தக் கப்பல், எத்தனை மணி நேரம், இறங்குகிறவர் யார் கையில் காசைக் கொடுக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கணக்குப் போட முடியாது. பெரிய கப்பல்களில் வருகிறவர்கள் கரையில் இறங்கி ஊர் பார்க்கும் முறை எப்படி இயங்குகிறது, அது ஏன் வருகிறவருக்கும் ஊருக்கும் அடிக்கடி ஏமாற்றமாக முடிகிறது என்பதை விளங்கிக்கொண்டால், நம்முடைய கரைக்கு எது பொருந்தும் என்பதும் விளங்கும்.

கரைச் சுற்றுலா எப்படி நடக்கிறது?

சொகுசுக் கப்பலில் நாட்கணக்காகப் பயணம் செய்கிறவர்களுக்கு, கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது இறங்கி ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற ஒரு வாய்ப்புக் கிடைக்கும். இதையே கரைச் சுற்றுலா என்கிறோம். உலகைச் சுற்றிவரும் கப்பல்கள் 100 நாட்களுக்கு மேல் கடலில் இருக்கும். அவற்றின் அட்டவணையில் இலங்கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல், மிஞ்சினால் இரண்டு.

இந்தச் சுற்றுலாக்களைக் கப்பல் நிறுவனமே விற்கிறது. பயணி கப்பலுக்குள் இருந்தபடியே, சில வேளை வீட்டிலிருந்து புறப்பட முன்னரே, காசு கட்டிவிடுகிறார். கப்பல் நிறுவனம் அந்த வேலையை நாட்டிலுள்ள ஒரு பெரிய சுற்றுலா முகவர் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிறது. இலங்கையில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. அந்த நிறுவனம் பஸ்களையும் வழிகாட்டிகளையும் மதிய உணவையும் ஒழுங்கு செய்கிறது. கப்பலில் விற்ற விலையில் ஒரு பெரிய பங்கு கப்பல் நிறுவனத்தோடு நின்றுவிடும். அடுத்த பங்கு முகவருக்கு. மிஞ்சியதிலேதான் பஸ்காரர், வழிகாட்டி, சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோரும் பங்கு போட வேண்டும். ஊருக்குள் வருகிற காசு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

பயணி தனியாக இறங்கி ஒரு ஓட்டோவைப் பிடித்துப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் ஒரு விதி அவரைப் பயமுறுத்தும். கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலாவில் போனவர்களின் பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியாகப் போனவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். ஆகவே புதிய நாட்டில், தெரியாத மொழியில், பெரும்பாலானவர்கள் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே ஏறுகிறார்கள். துறைமுக வாசலில் காத்து நிற்கும் ஓட்டோக்காரர்களுக்கு எஞ்சுவது கொஞ்சப் பேர்.

ஒரு பகலின் கணக்கு

பயணியின் ஏமாற்றம் பெரும்பாலும் மணிக்கூட்டிலிருந்து தொடங்குகிறது. கப்பல் காலை 8 மணிக்குத் துறைமுகத்தில் கட்டி, மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் அது 10 மணி நேரம். கப்பலைக் கட்டி, அதிகாரிகள் ஏறி, குடிவரவு, சுங்கச் சோதனைகள் முடிந்து கடைசி ஆள் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புறப்படுவதற்கு அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் முன்னதாக எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கையில் மிஞ்சுவது எட்டு மணி நேரம் அளவில்.

கொழும்பில் இறங்கி சிகிரியா பார்க்க விரும்புகிறவருக்குப் போகவும் வரவும் மட்டும் அந்த எட்டு மணி நேரம் சரியாகிவிடும். கண்டிக்குப் போனால் போக்குவரத்தில் ஆறு மணி நேரமாவது போகும். தலதா மாளிகையில் ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, முகவருக்குத் தரகு கிடைக்கும் இரத்தினக்கல் கடையில் ஒரு நிறுத்தம். அன்றைய நாளில் பயணி அதிகம் பார்த்தது பஸ் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்த நெரிசலைத்தான். “இலங்கை பார்த்தேன்” என்று அவர் ஊருக்குப் போய்ச் சொன்னாலும், உள்ளுக்குள் ஒரு குறை இருக்கும்.

காங்கேசன்துறையில் தூரம் குறைவு என்பதால் இந்தக் கணக்கு சற்று நல்லது. கீரிமலை அருகில் இருக்கிறது. யாழ் நகரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நல்லூர், கோட்டை, பொது நூலகம் என்று ஒரு பகலில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே இன்னொரு விதமான குறை இருக்கிறது. பயணி எதைப் பார்க்கிறார் என்பதோடு, எதைக் கடந்து போகிறார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஜன்னலுக்கு வெளியே இருப்பது

எம்பிரஸ் கப்பல் முதலில் ரோயல் கரிபியன் என்ற நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, 1990ஆம் ஆண்டில் சேவைக்கு வந்தது. அதே 1990இல்தான் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு, தோட்டம், வள்ளம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். அந்த மண் உயர் பாதுகாப்பு வலயமானது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த ஆண்டில் மூடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களிடம் திரும்பி வந்தது 2017 ஜூலையில்தான். இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன. தங்கள் காணியில் விகாரை கட்டப்பட்டுள்ளது என்று சொல்லும் தையிட்டி உரிமையாளர்கள் போயா தினங்களில் அங்கே போராட்டம் நடத்துகிறார்கள்.

முனையத்தில் இறங்கும் பயணியின் பஸ் இந்த மண்ணின் வழியாகத்தான் போகிறது. கூரை இல்லாத வீட்டுச் சுவர்களையும், துருப்பிடித்த வேலிகளையும், மூடிக் கிடக்கும் தொழிற்சாலையையும் அவர் காண்பார். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று வழிகாட்டி சொன்னால் அந்தப் பயணம் அவர் மறக்க முடியாத ஒன்றாகும். சொல்லாவிட்டால் அது இன்னொரு வெப்பமான துறைமுகம், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து பஸ்ஸோடு வந்த வழிகாட்டிக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் சொல்லப் பயமிருக்கலாம்.

காசின் கதையும் இங்கே தெளிவாகத் தெரியும். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி இருக்கிறது. கடற்கரைக்கு அருகே காணி வைத்திருந்த குடும்பங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாடகைக் குடிகளிலும் இருந்த காலத்திலேயே அது சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்தது. சாதாரண மனிதர் ஒருவர் கடன் எடுத்து விடுதி கட்டி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, அரச நிறுவனமொன்றோடு எப்படிப் போட்டி போடுவார்?

போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து வடக்கே வந்த பஸ்களையும் நாம் மறக்கவில்லை. நூற்றுக்கணக்கில் வந்தன. வந்தவர்கள் அரிசி, விறகு, பாத்திரங்களோடு வந்து வீதியோரத்தில் சமைத்துச் சாப்பிட்டார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும், புதுக்குடியிருப்பில் எழுப்பப்பட்ட வெற்றிச் சின்னத்தையும் பார்த்துப் படம் எடுத்தார்கள். அந்தச் சாதாரண மக்கள் மீது கோபப்படுவதில் பயனில்லை. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடவோ, நடந்ததைச் சொல்லவோ நம்மிடமும் அன்று கூரையோ இடமோ இருக்கவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஊருக்கு மிஞ்சியது பிளாஸ்ரிக் குப்பை.

வேலிக்கு வெளியே நின்ற ஊர்

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. கரிபியன் கடலில் ஹெயிட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்ற ஓர் இடம் இருக்கிறது. 1986 முதல் ரோயல் கரிபியன் நிறுவனம் அந்தக் கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தது. வேலியடைத்துக் காவல் போட்டிருந்தார்கள். கப்பலில் வந்தவர்கள் வேலிக்குள் நீந்தி, சாப்பிட்டு, அனுமதி பெற்ற கடைகளில் பொருள் வாங்கிவிட்டுத் திரும்பினார்கள். பல காலம் பயணிகளில் பலருக்குத் தாங்கள் நிற்பது ஹெயிட்டியில் என்பதே சரியாகத் தெரியாது என்று சொல்லப்பட்டது.

2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டியின் தலைநகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. சில நாட்களுக்குள் லபாடியில் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருட்களையும் அது கொண்டுவந்தது. என்றாலும் ஒரு பக்கம் பிணங்களை எடுத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே நாட்டின் கடற்கரையில் விடுமுறையா என்று உலகம் கேட்டது. கப்பலுக்குள்ளேயும் சிலருக்கு இறங்க மனம் வரவில்லை. கப்பல் வராவிட்டால் அங்கே வேலை செய்யும் சில நூறு பேருக்கு அந்த வருமானமும் இல்லாமல் போகும் என்று மறுதரப்புச் சொன்னது. இரண்டு வாதத்திலும் உண்மை இருந்தது. வேலியைத் தாண்டி ஊருக்குள் போக வழியில்லாத ஒரு சுற்றுலாவை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால், பிறகு இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்காது.

பெரிய ஊர்களே கப்பல்களுக்கு எல்லை போட வேண்டிவந்தது. குரோஷியாவின் டுப்ரொவ்னிக் நகரம் ஒரே நேரத்தில் நிற்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. வெனிஸ் நகரின் நடுவே செல்லும் வாய்க்காலில் பெரிய கப்பல்கள் நுழைவதை இத்தாலி 2021 ஆகஸ்டில் தடை செய்தது. அந்த நகரங்களுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது. நமக்கு அது இப்போது இல்லை. ஆகவே தொடக்கத்திலேயே எது வேண்டும் என்று தெரிந்திருப்பது அவசியம்.

மன்னாருக்குப் பெரிய கப்பல் ஏன் வராது?

இதற்கு விடை கடலடியில் இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள மணல் திட்டுகளில் பல இடங்களில் தண்ணீர் ஒரு சில மீற்றர் ஆழம்தான். பாக்கு நீரிணையும் ஆழம் குறைந்த கடல். ஆயிரம், இரண்டாயிரம் பேரை ஏற்றும் கப்பல்களுக்கு அந்த ஆழம் போதாது. அதனால்தான் அவை இலங்கையைச் சுற்றிப் போகின்றன. கடலைத் தோண்டிப் பாதை வெட்டும் சேதுசமுத்திரத் திட்டம் 2005இல் தொடங்கி இடையில் நின்றுபோனது. அது தோண்டப்பட்டிருந்தால் நம்முடைய மீனவர்களின் கடல் என்னவாகியிருக்கும் என்பது வேறு கதை.

தரை வழியாகவும் வாய்ப்புக் குறைவு. காங்கேசன்துறையில் இறங்குகிறவர் பூநகரி ஊடாக முருங்கனுக்கு வர மூன்று மணி நேரமளவில் ஆகும். திரும்பிப் போக இன்னும் மூன்று. கொழும்பிலிருந்து என்றால் இன்னும் தூரம். எட்டு மணி நேரக் கணக்கில் முருங்கன் அடங்காது.

ஆனால் காங்கேசன்துறைக்கும் முருங்கனுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. அந்தச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்துதான் போனது. முருங்கன் மண் அங்கே சீமெந்தாகி நாடு முழுக்கப் போனது. தோண்டிய பள்ளம் முருங்கனில் மிஞ்சியது. மூலப்பொருளைக் கொடுத்துவிட்டு விற்பனையில் பங்கில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியாத பாடமல்ல. சுற்றுலாவிலும் மூலப்பொருள் ஊர்தான்.

தலைமன்னாரின் பழைய வழி

மன்னாருக்கு வரக்கூடியது சிறிய பயணிகள் கப்பல். அது புதிதல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போகும் வழி உருவானது. ‘போட் மெயில்’ என்ற பெயர் அதற்குத்தான். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. 1980களின் நடுவில் போர் அதையும் நிறுத்தியது.

முருங்கன் ரயில் நிலையம் அந்தப் பன்னாட்டு வழியில் இருந்த ஒரு நிலையம். அந்த ரயில்களில் வியாபாரிகள் போனார்கள், யாத்திரிகர் போனார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்கள் பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் தலைமன்னாரை நோக்கிப் போனதும் இந்தத் தண்டவாளத்தில்தான். அதற்கும் முந்திய நூற்றாண்டில் அவர்களுடைய மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. இந்தக் கரை உல்லாசப் பயணிகளைவிட மற்றப் பயணிகளைத்தான் அதிகம் கண்டிருக்கிறது.

1990இல் நின்ற ரயில் 2013 மே மாதம் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரையும் மீண்டும் வந்தது. தண்டவாளம் தயார். கப்பல்தான் இல்லை. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டில்லிக்குப் போனபோது வெளியிடப்பட்ட கூட்டறிக்கையில், இராமேஸ்வரம்–தலைமன்னார் சேவையை விரைவில் தொடங்க அதிகாரிகள் முயல வேண்டும் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

நாகபட்டினம்–காங்கேசன்துறைச் சேவை நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ‘செரியபாணி’ 2023 அக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, ஒரு வாரத்துக்குள் பருவமழை காரணமாக நின்றது. மீண்டும் ‘சிவகங்கை’ கப்பலோடு சேவை தொடங்கியது 2024 ஆகஸ்ட் 16ஆம் திகதி. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாக்கு நீரிணையில் சிறிய கப்பலை நம்பித் தொழில் தொடங்குகிறவர், சில மாதங்கள் வருமானம் இல்லாமல் இருக்கத் தயாராக வேண்டும்.

முருங்கனில் இறங்குகிறவர் எதைக் காண்பார்?

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து முருங்கனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கட்டுக்கரைக் குளம் ஊரின் வாசலில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனோடு மரபு தொடர்புபடுத்தும் இந்தக் குளத்துக்கு அருவியாற்றிலிருந்து தேக்கம் அணைக்கட்டின் வழியாகத் தண்ணீர் வருகிறது. மன்னாரின் நெல் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. 1954இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சற்று மேற்கே உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாகியது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வரும் பறவைகளுக்கு இந்தக் கரை குளிர்காலத் தங்குமிடம்.

ஆனால் இங்கேயும் மணிக்கூட்டுக்குப் பதில் நாட்காட்டி ஏமாற்றும். குளம் நிறைவது மாரி மழையில். பறவைகள் நிற்பது ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை. கடல் கொந்தளித்துக் கப்பல் நிற்பதும் அதே மாதங்களின் முற்பாதியில். கடல் அமைதியான மாதங்களில், மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்காக ஒருவர் வந்தால், குளத்தில் வெடித்த சேறும் மேயும் மாடுகளும்தான் இருக்கும். “பறவைகளின் சொர்க்கம்” என்று விளம்பரத்தில் படித்துவிட்டு ஆகஸ்டில் வந்து நிற்கும் பயணிக்கு நாம் என்ன சொல்வோம்? எந்த மாதத்தில் எது இருக்கும் என்று நேர்மையாக எழுதி வைப்பது முதல் வேலை. பெப்ரவரியும் மார்ச்சும் பொருத்தமான காலம்: குளத்தில் தண்ணீர் இருக்கும், பறவைகள் இருக்கும், வயலில் அறுவடை நடக்கும், கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும்.

திருக்கேதீஸ்வரம் அருகில் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்து, இருபதாம் நூற்றாண்டில் மீண்டெழுந்து, போர்க்காலத்தில் மக்கள் நெருங்க முடியாமல் இருந்து, இந்தியாவின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. அந்தக் கோவிலுக்குப் போகும் வீதியருகே 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 80க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டட வளவில் 2018இல் நடந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடமொன்று அவை பல நூற்றாண்டுகள் பழையவை என்றது. காணாமல் போனவர்களின் உறவினர்கள் அந்த முடிவோடு அமைதியடையவில்லை.

மடுவிலும் இரண்டு கதைகள் உண்டு. மாதாவின் அருள் ஒன்று. 1999 நவம்பரில் அங்கே தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது செல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தது மற்றது. முசலிப் பக்கம் போனால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடத்துக்குப் பின் காடாகிப்போன காணிக்குத் திரும்பிய முஸ்லிம் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையை விட்டுவிட்டு மன்னாரின் கதையைச் சொன்னால் அதுவும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான்.

கதையை யார் சொல்வது?

வருகிறவருக்குப் பிணக்குழியைக் காட்டிக் காசு வாங்க வேண்டுமா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான கோபம். துயரத்தை விற்பனைக்கு வைக்கக் கூடாது. ஆனால் மறைப்பதும் ஒரு தெரிவுதான். நாம் சொல்லாவிட்டால், வேறொருவர் வேறுவிதமாகச் சொல்வார், அல்லது எதுவுமே நடக்கவில்லை என்று பஸ் ஓடும். எதைக் காட்டுவது, எதை அமைதியாக விட்டுவிடுவது, எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதை அந்த இடத்தோடு தொடர்புடைய குடும்பங்களும் ஊரவர்களும் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு நடைமுறை வழிகள் இருக்கின்றன. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை நாடு முழுக்கச் செல்லும் தேசிய வழிகாட்டிகளுக்கு மட்டும் அனுமதி கொடுப்பதில்லை. ஒரு பிரதேசத்துக்கும், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் என்று தனித்தனி வழிகாட்டி அனுமதிகள் இருக்கின்றன. முருங்கன், நானாட்டான், மாந்தை, முசலிப் பிள்ளைகள், தமிழோடு ஆங்கிலமோ சிங்களமோ பேசக்கூடியவர்கள், இந்த அனுமதிகளை எடுத்தால் கொழும்பிலிருந்து வரும் பஸ் வழிகாட்டியின் பக்கத்தில் அவர்களும் நிற்கலாம். வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பதையும் அதே சபையில் பதிவு செய்யலாம். இரண்டு அறையும் சுத்தமான கழிவறையும் உள்ள வீடு ஒன்று, பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கு ஒரு மாடு கொடுத்ததைவிட நல்ல உதவியாகலாம்.

பிரதேச சபைகளுக்கும் கேள்விகள் இருக்கின்றன. கட்டுக்கரைக் குளக்கட்டில் குப்பையை அகற்றப்போவது யார்? வாகனத் தரிப்பிடக் காசு எங்கே போகும்? பறவை பார்க்கும் இடத்துக்கான குத்தகை வெளியூர் நிறுவனத்துக்கா, ஊர்ச் சங்கத்துக்கா? கமக்காரருக்குத் தண்ணீர் திறக்கும் நாளும் படகு ஓட்டுகிறவரின் விருப்பமும் முரண்பட்டால் யார் பேச்சுக்கு முதலிடம்? இவற்றை முதல் பயணி வருவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். வந்தபின் எழுதினால் காசு உள்ளவரே எழுதுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இரவு. பகலில் வந்து பகலில் போகிறவர் ஊருக்கு விட்டுப்போவது ஒரு சோடா வாங்கிய காசு. ஓர் இரவு தங்குகிறவர் இராச்சாப்பாடு, அறை, காலைத் தேநீர், ஓட்டோ, ஒரு மூட்டை கருவாடு, பனங்கட்டி என்று பல கைகளில் காசு கொடுக்கிறார். அவருக்கும் கதை கேட்க நேரம் கிடைக்கிறது. பெரிய கப்பல் ஆயிரம் பேரை எட்டு மணி நேரத்துக்கு இறக்கும். சிறிய கப்பலில் வரும் ஐம்பது பேர் இரண்டு இரவு தங்கினால், முருங்கன் போன்ற ஊருக்கு அதுவே பெரிய வருமானம். இராமேஸ்வரத்திலிருந்து வருகிறவர் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர். அவருக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவர்களில் சிலர், தாத்தா பாட்டியோடு இந்தத் தண்டவாளத்தில் எதிர்த்திசையில் போன மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளாகவும் இருப்பார்கள்.

கப்பல் எப்போது வரும் என்பதை முருங்கன் தீர்மானிக்க முடியாது. டில்லியும் கொழும்பும் தீர்மானிக்கும், கடலும் தீர்மானிக்கும். வருகிறவர் முருங்கன் நிலையத்தில் இறங்குவாரா, ஜன்னலுக்குள்ளேயே இருந்துகொண்டு மதவாச்சிக்குப் போய்விடுவாரா என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். அதற்கான வேலைக்குக் கப்பல் தேவையில்லை. இந்தப் பெப்ரவரியில் குளம் நிறைந்திருக்கும்போதே, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டித் தொடங்கலாம்.